நாடி கிடைக்காத மணிக்கட்டு

பி.பி. பார்க்கும் பட்டையைப் பெரும்பாலும் ஒரே கையில்தான் சுற்றுகிறார்கள். மேசைக்கு எந்தக் கை பக்கமோ அந்தக் கை. அநேகம் பேருக்கு அதனால் குறையொன்றும் இல்லை, இரண்டு கைகளுக்கும் நடுவே சில புள்ளிகள் ஏறி இறங்குவது இயல்புதான். ஆனால் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்திக்கு வலக்கையில் 130 என்றும் இடக்கையில் 90 என்றும் காட்டினால்? இடது மணிக்கட்டில் எவ்வளவு தேடியும் நாடியே தட்டுப்படவில்லை என்றால்? கருவியில் ஏதோ கோளாறு என்று பட்டையை மறுகைக்கு மாற்றி, அதில் வந்த எண்ணைச் சீட்டில் எழுதி அனுப்பிவிடுவது சுலபம். அந்த எண் தவறானதும் அல்ல. ஆனால் அவள் உடம்பின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று பல மாதங்களாக அடைபட்டுக்கொண்டு வருகிறது என்ற செய்தி அங்கேயே நின்றுவிடும். சில ஆண்டுகள் கழித்து ஒரு காலையில் அவளுக்கு வாய் கோணி, ஒரு பக்கம் விழுந்துபோன பிறகுதான் அது திரும்ப வெளிப்படும்.

பக்கவாதம் என்றால் முதுமை, சர்க்கரை, கொழுப்பு, புகைபிடித்தல் என்றே நமக்குப் பழக்கம். உண்மையில் மொத்தப் பக்கவாதங்களில் 10 முதல் 15 விழுக்காடு ஐம்பது வயதைத் தொடாதவர்களுக்கு வருகிறது. அவர்களில் பலருக்கும் மேற்சொன்ன வழக்கமான காரணங்களே இருக்கும். மற்றவர்களுக்கு இதய வால்வுக் கோளாறு, ரத்தம் அளவுக்கு மீறி உறைவது, கழுத்துத் தமனியின் சுவர் கிழிவது, பிள்ளை பெற்ற சில வாரங்களில் மூளையின் சிரைகளில் உறைவு ஏற்படுவது என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலின் கீழ்ப்பகுதியில், எண்ணிக்கையில் சிறியதாக இருப்பது ரத்தக்குழாய் அழற்சி. கிருமியை எதிர்க்க வேண்டிய நம் நோய் எதிர்ப்பு அணுக்களே ரத்தக்குழாயின் சுவருக்குள் புகுந்து அதை வீங்க வைக்கும் நோய்கள் இவை. எண்ணிக்கையில் சிறியது என்பதற்காக இதை ஒதுக்கிவிட முடியாது. பெயர் தெரிந்துவிட்டால் மருந்தால் அடக்கக்கூடிய காரணம் இது. பெயர் தெரியாவிட்டால் அடுத்த பக்கவாதத்துக்கும் வழி திறந்தே கிடக்கும்.

இந்த வகை நோய்களில் இந்தியாவுக்கு மிகவும் அறிமுகமானது டாகாயாசு தமனி அழற்சி. 1908இல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் கண் மருத்துவர்களின் மாநாடு ஒன்று நடந்தது. கனாசாவாவைச் சேர்ந்த மிகிட்டோ டாகாயாசு என்ற மருத்துவர் எழுந்து, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் விழித்திரையில் தாம் கண்டதை விவரித்தார். பார்வை நரம்பு தொடங்கும் வட்டத்தைச் சுற்றி, நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று பிணைந்து மாலைபோல வளைந்திருந்தன. அவர் கண் மருத்துவர், கண்ணில் கண்டதைச் சொன்னார். அதே அவையில் இருந்த ஓனிஷி, ககோஷிமா என்ற இருவர், இதே மாதிரி விழித்திரை கொண்ட நோயாளிகளைத் தாங்களும் பார்த்திருப்பதாகவும், அவர்களுக்கு மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்கள். நோயின் பெயரில் டாகாயாசு நிலைத்துவிட்டார். ஆனால் நோய் கண்ணில் இல்லை, கண்ணுக்கும் கைக்கும் ரத்தம் அனுப்பும் பெருங்குழாயில் இருக்கிறது என்று யோசிக்க வைத்தது மற்ற இருவரின் குறிப்புதான். வரலாறு அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். கண்ணுக்குப் போதிய ரத்தம் வராதபோது, கிடைக்கும் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ள விழித்திரை வளர்த்துக்கொண்ட மாற்றுவழிதான் அந்த மாலை. இதே நோய்க்கு 1951இல் ஷிமிசு, சானோ என்ற இரண்டு ஜப்பானிய மருத்துவர்கள் ‘நாடியற்ற நோய்’ என்று பெயர் வைத்தார்கள்.

மகாதமனி இதயத்தின் இடது கீழறையிலிருந்து கிளம்பி, நெஞ்சுக்குள் மேல்நோக்கி வளைந்து, பிறகு முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள் இறங்குகிறது. வளைவின் முகட்டிலிருந்து கைகளுக்கும் கழுத்துக்கும் கிளைகள் பிரிகின்றன. வயிற்றில் குடலுக்கும் சிறுநீரகங்களுக்கும் பிரிகின்றன. டாகாயாசு நோய் இந்த மகாதமனியையும் அதன் முதல் கிளைகளையும் பிடிக்கிறது. வயதானவர்களுக்கு வரும் கொழுப்பு அடைப்பு, உப்புத் தண்ணீர் ஓடும் குழாயில் உட்புறம் படிவு ஏறுவதைப் போன்றது. இந்த நோய் எதிர்ப்புறத்திலிருந்து வருகிறது. மகாதமனியின் சுவர் மிகத் தடித்தது. அந்தச் சுவருக்கே ரத்தம் கொடுக்க அதன் வெளி அடுக்கில் நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன. அழற்சி அணுக்கள் அவற்றின் வழியாகத்தான் உள்ளே நுழைகின்றன. முதலில் வெளி அடுக்கு வீங்கும், பிறகு நடு அடுக்கின் மீள்தன்மை கொண்ட இழைகள் சிதையும், கடைசியில் உள் அடுக்கு தடித்து ரத்தம் ஓடும் வழியைக் குறுக்கும். சில இடங்களில் சுவர் நலிந்து பலூன்போல உப்புவதும் உண்டு.

யாருக்கு வரும், ஏன் வரும் என்பதில் பாதிதான் தெளிவாகியிருக்கிறது. பெரும்பாலும் நாற்பது வயதுக்குள் தொடங்குகிறது. பெண்களுக்கே அதிகம், ஜப்பானில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். இந்தியாவில் ஆண்களின் பங்கு அதைவிடச் சற்றுக் கூடுதல். எச்.எல்.ஏ.-பி52 என்ற மரபு அடையாளம் கொண்டவர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்று ஜப்பான், துருக்கி, இந்தியா எனப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். காசநோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்ற சந்தேகம் நம் நாட்டில் மிகப் பழையது. நிறுவப்படவில்லை, முழுதாகக் கைவிடப்படவும் இல்லை.

தொடக்கத்தில் இந்த நோய்க்கு முகமே கிடையாது. மாலை நேரக் காய்ச்சல், எடை குறைவது, மூட்டு வலி, சொல்லத் தெரியாத சோர்வு. நம் ஊரில் இந்த நான்கையும் சொன்னால் எதிரே இருப்பவர் முதலில் காசநோயைத்தான் நினைப்பார், நினைப்பதிலும் தவறில்லை. பின்னால் வரும் அறிகுறிகள்தான் கவனித்துக் கேட்க வேண்டியவை. தலை பின்னும்போது, கொடியில் துணி காயப்போடும்போது, மாவு பிசையும்போது கை சீக்கிரம் ஓய்ந்து வலிக்கும், தொங்கவிட்டால் சரியாகும். கழுத்தின் பக்கவாட்டில், தமனி ஓடும் தடத்தில் தொட்டால் வலிக்கும். அண்ணாந்து பார்த்தால் கண் இருட்டும், சில சமயம் மயக்கமே வரும். ‘ரத்தம் பத்தலை’, ‘லோ பிரஷர்’ என்று இரும்புச்சத்து மாத்திரையும் சத்து டானிக்கும் வாங்கிச் சாப்பிட்டபடியே ஆண்டுகள் போன பெண்கள் இந்த நோயாளிகளில் ஏராளம்.

‘லோ பிரஷர்’ என்ற அந்தச் சொல்லை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த நோயில் மிகக் கொடிய ஏமாற்று அதில்தான் இருக்கிறது. கைக்குப் போகும் தமனி அடைபட்டிருந்தால் அந்தக் கையில் பி.பி. குறைவாகக் காட்டும். இரண்டு கைகளின் தமனிகளும் அடைபட்டிருந்தால் இரண்டிலும் குறைவாகக் காட்டும். அதே பெண்ணுக்குச் சிறுநீரகத் தமனியும் சுருங்கியிருக்கலாம். ரத்தம் குறைவாக வருவதை உணர்ந்த சிறுநீரகம், உடம்பில் ரத்தமே குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு ரெனின் என்ற பொருளைச் சுரந்து ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். ஆக, இதயமும் மூளையும் 200க்கு அருகான அழுத்தத்தில் திணறிக்கொண்டிருக்க, கையில் சுற்றிய பட்டை 90 என்று காட்டும். அவளிடம் உப்புக் கூடுதலாகப் போட்டுச் சாப்பிடு என்று சொல்லியனுப்பினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்டவர்களுக்குத் தொடையில் பட்டையைச் சுற்றிப் பார்க்க வேண்டும். காலுக்குப் போகும் குழாயும் அடைபட்டிருந்தால், மகாதமனிக்குள் நுண்குழாய் செலுத்தி அளந்தால்தான் உண்மையான எண் கிடைக்கும்.

இனி மூளைக்கு வருவோம். உடல் எடையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு உள்ள மூளை, இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஆறில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. கழுத்தின் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என நான்கு தமனிகள் அதை ஊட்டுகின்றன. அவை மூளையின் அடியில் ஒரு வளையமாக இணைவதை 1664இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்தார். அந்த வளையம்தான் டாகாயாசு நோயாளிகளைப் பல ஆண்டுகள் காப்பாற்றி வைத்திருக்கிறது. அடைப்பு மெல்ல மெல்ல வருவதால் மற்ற குழாய்கள் பொறுப்பை ஏற்றுக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. கழுத்துத் தமனிகளில் ஒன்று முற்றிலும் மூடிப்போயும் எந்தக் குறையும் தெரியாமல் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டில் மிச்சம் எதுவும் கிடையாது. ஒரு கடும் வயிற்றுப்போக்கில் நீர் வற்றினாலோ, பி.பி. மாத்திரையின் அளவை ஒரேயடியாக ஏற்றினாலோ, இரண்டு தமனிகளின் எல்லைக் கடைசியில் இருக்கும் மூளைப் பகுதிக்கு ரத்தம் எட்டாமல் போகிறது. அப்படி வருவது ஒரு வகைப் பக்கவாதம். தடித்த சுவரின் மேல் உறைந்த ரத்தக்கட்டி பிய்ந்து மேலே போய் அடைப்பது இன்னொன்று. சிறுநீரகம் ஏற்றிவிட்ட அழுத்தத்தில் மூளைக்குள் குழாய் வெடிப்பது மூன்றாவது. மகாதமனியின் தொடக்கம் விரிந்து வால்வு கசிந்து, வீங்கிய இதயத்திலிருந்து கட்டி கிளம்புவதும் உண்டு. டாகாயாசு நோயாளிகளில் பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ பக்கவாதமோ, சில நிமிடங்களில் தெளிந்துவிடும் அதன் முன்னறிவிப்போ வருகிறது. சிலருக்கு நோய் இருப்பதே அப்போதுதான் தெரியவருகிறது.

1960களில் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் அறுவை மருத்துவர் பி.கே. சென்னும் நோய்க்கூறியல் வல்லுநர் கினாரேயும் இந்த நோயைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது ஒரு வேறுபாடு தெளிவாயிற்று. ஜப்பானியப் பெண்களுக்குப் பெரும்பாலும் மகாதமனியின் மேல்வளைவு பாதிக்கப்படுகிறது, நாடி மறைகிறது. இந்திய நோயாளிகளுக்கு வயிற்றுப் பகுதியும் சிறுநீரகத் தமனிகளும் அதிகம் பாதிக்கப்படுகின்றன. அதனால் நம்மிடம் இந்த நோய் பெரும்பாலும் இளவயது ரத்தக்கொதிப்பாக வந்து நிற்கிறது. முப்பது வயதுக்குள் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு என்றால், மாத்திரை எழுதுவதோடு வேலை முடியாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டாம். கால், கை, கழுத்து என எல்லா இடத்து நாடியையும் தொட்டுப் பார்த்து, தொப்புளுக்கு மேலே ஸ்டெதாஸ்கோப் வைத்து, குறுகிய குழாயில் ரத்தம் பாயும் சீறல் கேட்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். தமிழ்நாட்டில் ஊர்தோறும் கர்ப்பிணிகளுக்குச் செவிலியர்கள் பி.பி. பார்க்கிறார்கள். பல இளம்பெண்களுக்கு வாழ்க்கையில் முதன்முதலாக பி.பி. பார்க்கப்படுவதே அந்த நாளில்தான். முதல் முறை மட்டுமாவது இரண்டு கைகளிலும் பார்த்துக் குறித்து வைப்பதை வழக்கமாக்கினால், பேறுகாலத்தில் வரக்கூடிய பெரிய ஆபத்து ஒன்றைப் பல மாதங்களுக்கு முன்பே பிடித்துவிடலாம். அதற்குப் புதிய கருவியோ கூடுதல் செலவோ தேவையில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நம் சித்த மரபில் ஆணுக்கு வலக்கையிலும் பெண்ணுக்கு இடக்கையிலும் நாடி பார்ப்பார்கள். டாகாயாசு நோய் மிக அதிகமாகப் பிடிக்கும் கிளை, இடக்கைக்குப் போகும் தமனி. அந்தப் பழக்கத்துக்கும் இந்த நோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் இளம்பெண்ணின் இடது மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை என்றால், பார்ப்பவர் எந்த முறை மருத்துவராக இருந்தாலும் அதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது.

அமெரிக்க வாதநோய்க் கல்லூரி 1990இல் வெளியிட்ட ஆறு அடையாளங்களைப் படித்தால், இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு எளிய கருவிகள் போதும் என்பது புரியும். நாற்பது வயதுக்குள் தொடங்குவது, வேலை செய்யும்போது கை கால் ஓய்ந்து வலிப்பது, முழங்கை மடிப்பில் நாடி தளர்வது, இரு கைகளின் அழுத்தத்தில் 10 புள்ளிக்கு மேல் வேறுபாடு, தமனியின் மேல் சீறல் ஒலி, ஆஞ்சியோகிராமில் சுருக்கம். ஆறில் மூன்று இருந்தால் டாகாயாசு என்று வகைப்படுத்தலாம். ஆறாவதைத் தவிர மற்ற ஐந்தையும் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிட முடியும். அதன் பிறகு கழுத்தில் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் தமனியின் சுவர் சுற்றிலும் ஒரே சீராகத் தடித்திருப்பது தெரியும். சி.டி. அல்லது எம்.ஆர். ஆஞ்சியோகிராம் முழு வரைபடத்தைத் தரும்.

கண்டுபிடித்த பிறகுதான் கடினமான கேள்வி வருகிறது: உள்ளே நெருப்பு இன்னும் எரிகிறதா, அணைந்துவிட்டதா? நாடி போன கையில் அழற்சி முழுதாக அடங்கிய பிறகும் நாடி திரும்பாமல் இருக்கலாம், ஏனென்றால் குழாய் தழும்பாகி இறுகிவிட்டது. மறுபுறம், அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. எல்லாம் சரியாக இருக்கும்போதே சுவருக்குள் அழற்சி நடந்துகொண்டிருக்கலாம். அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனம் 60 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், நோய் அடங்கிவிட்டதாகக் கருதப்பட்டவர்களிடமிருந்து அறுவையின்போது எடுத்த தமனித் துணுக்குகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றில் அழற்சி உயிரோடு இருந்தது. இந்தச் சிக்கலுக்கு இந்தியாவிலிருந்தே ஒரு நல்ல கருவி கிடைத்தது. லக்னோவில் ராம்நாத் மிஸ்ரா, வேலூர் சி.எம்.சி.யில் தேபாஷிஷ் தண்டா முதலிய மருத்துவர்கள் சேர்ந்து உருவாக்கிய ஐ.டி.ஏ.எஸ். 2010 என்ற மதிப்பெண் முறை, 44 குறிகளைக் கேட்கிறது, அதில் 33 இதயத்தையும் ரத்தக்குழாயையும் பற்றியவை. கடந்த மூன்று மாதங்களில் புதிதாக வந்ததற்கும் மோசமானதற்கும் மட்டுமே மதிப்பெண். பழைய தழும்புக்கு எதுவும் கிடையாது. கையால் தொட்டும் காதால் கேட்டும் நிரப்பக்கூடிய இந்தத் தாள், விலை உயர்ந்த ஸ்கேனை மாதந்தோறும் எடுக்க முடியாத நாட்டிலிருந்து பிறந்ததில் ஆச்சரியமில்லை. இன்று உலகின் பல மையங்களில் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

சிகிச்சை ஸ்டீராய்டில் தொடங்குகிறது. ஸ்டீராய்டு என்றதும் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் அதிகம். எடை கூடும், முகம் உப்பும், சர்க்கரை ஏறும் என்பதெல்லாம் உண்மை. ஸ்டீராய்டின் அளவைச் சீக்கிரம் குறைக்கத்தான் கூடவே மீத்தோட்ரெக்ஸேட், அசத்தியோப்ரின், மைக்கோஃபினோலேட் போன்ற மருந்துகளைத் தருகிறார்கள். அடங்காதபோது டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சித் தூதுப் பொருள்களைத் தடுக்கும் ஊசிகள் இருக்கின்றன. விலைதான் பெரிய தடை. குறுகிய குழாயை ஸ்டென்ட் வைத்து விரிக்கலாம், மாற்றுக்குழாய் பொருத்தலாம். ஆனால் அழற்சி அடங்காத நேரத்தில் செய்தால் மறுபடி அடைபட்டுவிடும். பல ஆண்டுகள் குறைந்த ரத்தத்துக்குப் பழகிய மூளைக்குத் திடீரென்று முழு வேகத்தில் ரத்தத்தைத் திறந்துவிட்டால் கசிவும் ஏற்படலாம். பக்கவாதம் வந்துவிட்ட நேரத்தில் மட்டும் காரணம் தேடக் காத்திருக்கக் கூடாது. வயது இருபதோ எழுபதோ, உடனே 108ஐ அழைக்க வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு. ‘சின்னப் பொண்ணு, பயத்துல மயங்கியிருப்பா’ என்று வீட்டில் வைத்துப் பார்ப்பதில் கரைந்துபோகும் நேரம் அது.

டாகாயாசு மட்டும்தான் இந்தக் குடும்பத்தில் இருக்கிறதா என்றால் இல்லை. மூளைக்குள் இருக்கும் சிறு தமனிகளை மட்டும் தாக்கும் அழற்சி உண்டு. பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேருக்கு வருவது. மூளையிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்துதான் உறுதிசெய்ய வேண்டியிருக்கும். நம் நாட்டில் அதைவிட மிக அதிகம் காண்பது காசநோய் மூளையுறைக் காய்ச்சல். மூளையின் அடியில் தேங்கும் கெட்டியான கசிவுக்குள் மூழ்கிய தமனிகள் வீங்கி அடைபட்டு, இளைஞர்களுக்குப் பக்கவாதம் வருகிறது. இதைப் பிரித்தறியாமல், எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் வீரியமான மருந்துகளைத் தனியே கொடுத்தால் காசநோய்க் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டதாகும்.

காரணம் தெரிவது சிகிச்சையையே எப்படிப் புரட்டிப் போடும் என்பதற்கு 2014இல் ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. அடிக்கடி காய்ச்சல், தோலில் வலைபோன்ற ஊதாத் தடங்கள், ஐந்து வயதுக்குள்ளேயே பக்கவாதம் என்று சில குழந்தைகள் மருத்துவர்களைத் திகைக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் ஒரு குழுவும் இஸ்ரேலில் ஒரு குழுவும் தனித்தனியாகத் தேடி, ஒரே இதழில் ஒரே விடையை வெளியிட்டன. ஏ.டி.ஏ.2 என்ற நொதிக்கான மரபணு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதாகவே வந்திருந்தது. நோய்க்கு டாடா-2 என்று பெயர். இதில் ரத்தக்குழாய்கள் அடைபடவும் செய்யும், கசியவும் செய்யும். அதனால் பக்கவாதம் என்றதும் கை போகும் ஆஸ்பிரின் இங்கே ஆபத்தாகலாம். டி.என்.எஃப். தடுப்பு ஊசியோ அற்புதமாக வேலை செய்கிறது. 2019இல் வெளியான ஒரு குறிப்பில், 15 நோயாளிகளுக்கு ஊசி தொடங்கும் முன் மொத்தம் 55 பக்கவாதங்கள் வந்திருந்தன. தொடங்கிய பின் கவனித்த காலத்தில் ஒன்றுகூட வரவில்லை.

இரு பக்கமும் பழுது சேர்ந்தால்தான் வரும் நோய் என்பதால், அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் நம் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுதல். ஒரு குழந்தைக்கு உறுதியாகிவிட்டால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நால்வரில் ஒருவர் என்ற கணக்கில் அந்த ஆபத்து உண்டு. ஆகவே கூடப் பிறந்தவர்களுக்குக் காய்ச்சலோ தடமோ எதுவும் இல்லாவிட்டாலும், நொதியின் அளவையும் மரபணுவையும் பார்த்துவிடச் சொல்கிறார்கள். அப்படிப் பிடிபடும் குழந்தைக்கு முதல் பக்கவாதம் வருவதற்கு முன்பே ஊசியைத் தொடங்கலாம்.